ஒன்பதாம் மாதமா, 31 வாரமா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நெல்லை மருமகள்:

2019 காணும் பொங்கலன்று மதியம் எனக்கு வயிறு இறுக ஆரம்பித்தது. கால் மணிக்கு ஒருமுறை இறுகும், கொஞ்ச நேரத்தில் தளரும். அத்தை அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "தை பிறந்ததும் ஒன்பதாவது மாசமும் பிறந்தாச்சு. இது பொய் வலி இல்ல, கிளம்புங்க" என்றார். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "மாசம் இருக்கட்டும்மா, எத்தனை வாரம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நல்லவேளை, முதல் ஸ்கேன் ரிப்போர்ட் கைப்பையில் இருந்தது. அதை வாங்கிப் பார்த்து, ஃபைலின் ஓரத்தில் பேனாவால் கணக்குப் போட்டு "31 + 4" என்று எழுதினார். 31 வாரம், 4 நாள். அப்புறம் எல்லாமே வேகமாக நடந்தது. வலியை அடக்க மாத்திரை, குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி. குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார்கள்.

அத்தை பொய் சொல்லவில்லை. அவர் தமிழ் மாதத்தை வைத்து எண்ணுகிறவர். எனக்குக் கடைசியாகத் தீட்டு வந்தது 2018 ஜூன் 10. வைகாசி முடிய சில நாள்தான் பாக்கி. அந்தச் சில நாளும் அத்தைக்கு ஒரு முழு மாதம். வைகாசி ஒன்று, ஆனி இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தால் தை ஒன்பது. டாக்டர் கணக்கில் ஜூன் 10 முதல் அன்றைக்கு 221 நாள், அதாவது ஏழு மாதம் முடிந்து ஒரு வாரம். "நடக்கிற மாதம்" ஒரு கணக்கு, "முடிந்த மாதம்" இன்னொரு கணக்கு. 37 வாரம் முடியாமல் பிறந்தால் குறைமாதம் என்கிறார்கள். எனக்கு அதற்கே இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது.

நாள் குறிப்பதும் லேசுதான். கடைசித் தீட்டின் முதல் நாளோடு 7 நாளும் 9 மாதமும் கூட்ட வேண்டும். ஜூன் 10 என்றால் மார்ச் 17. ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் இருந்த நேகலே என்ற மகப்பேறு மருத்துவர் பெயரில் இருநூறு வருடமாக வழங்கும் கணக்கு இது. மொத்தம் 280 நாள், 40 வாரம். நான்கு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து. நம் பாட்டிமார் "பத்து மாதம் சுமந்து" என்று சொன்னதில் மிகையே இல்லை.

வலி நின்றது. மார்ச் 4 அன்று, 38 வாரம் 1 நாளில் மகன் பிறந்தான். கர்ப்பமாக இருக்கும் தோழிகளிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, கடைசியாகத் தீட்டு வந்த அந்த ஒரு தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கரிசல்காட்டுச் செவிலி:

தங்கச்சி, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தாய்சேய் அட்டையில் முதலில் எழுதுவதே அந்தத் தேதியைத்தான். கேட்டால் பாதிப்பேர் "அமாவாசைக்கு முந்தி", "கோயில் கொடைக்கு மறுநாள்" என்பார்கள். கொடை எந்தக் கிழமை என்று விசாரித்துத் தேதியைப் பிடிப்பேன்.

ஒரு வீட்டை மட்டும் என்னால் மறக்க முடியாது. கல்யாணமாகி ஐந்தே வாரம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏழு வாரம் என்று இருந்தது. மாமியார் அந்தத் தாளை என் முன்னால் நீட்டி, "அஞ்சு வாரத்துல ஏழு வாரப் பிள்ளை எப்படிம்மா வரும்?" என்றார். அந்தப் பெண் சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். கணவன் வாயே திறக்கவில்லை.

நான் திண்ணையில் உட்கார்ந்து, காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "கரு எந்த ராத்திரி தங்கியதுன்னு யாருக்கும் தெரியாது. தீட்டு வந்த நாள்தான் தெரியும். அதனால அங்கிருந்தே எண்ணுறாங்க. முதல் ரெண்டு வாரம் வயித்துல பிள்ளையே கிடையாது, ஆனா அதுவும் கணக்குல சேரும். கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முந்தி இவ குளிச்சிருக்கா, அவ்வளவுதான்" என்றேன். நாமே "முழுகாமல் இருக்கிறாள்" என்றுதானே சொல்கிறோம், நம் பேச்சிலும் அந்தக் குளியலை வைத்துத்தானே கணக்கு என்றதும் மாமியார் முகம் தெளிந்தது. உள்ளே போய் மருமகளுக்கு மோர் கொண்டு வந்து கொடுத்தார். திருமணத்துக்குப் பெண் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

காத்திருந்தவள்:

அக்கா சொன்ன கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காகத் தீட்டு வருகிறவர்களுக்குச் சரி. எனக்கு நீர்க்கட்டி. 42 நாள், 45 நாள் கூட ஆகும். கருமுட்டை வெளிவருவதே தாமதமாகத்தான். தேதிப்படி 11 வாரம் என்று போனேன். ஸ்கேனில் குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை 23 மில்லிமீட்டர், அதாவது 9 வாரம். வளர்ச்சி நின்றுவிட்டதோ என்று என் கை நடுங்கியது. டாக்டர் திரையைத் திருப்பி, துடிக்கிற இதயத்தைக் காட்டினார். "பிள்ளை சரியாத்தான் இருக்கு, உங்க தேதியைத்தான் மாத்தணும்" என்று பிரசவ நாளை இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்.

முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் வளருமாம். அதனால் அப்போது எடுக்கிற ஸ்கேன்தான் நம்பகமானது. பிற்பாடு எடுத்த ஸ்கேனில் 36 வாரத்துக்கு 34 என்று வந்தது. குழந்தையின் பருமன் கொஞ்சம் குறைவு, நாள் மாறாது என்று டாக்டர் விளக்கினார். வீட்டில்தான் பழைய தேதியைப் பிடித்துக்கொண்டு "தேதி தாண்டிடுச்சு, ஆபரேஷன் பண்ணச் சொல்லு" என்று தினமும் போன். நான் அசையவில்லை. புதிய தேதிக்கு மூன்று நாள் முன்னால் மகள் பிறந்தாள், சுகப்பிரசவம்.

ஐந்தாம் நாள்:

எங்களுடையது சோதனைக்குழாய் முறை. கரு உருவான நாள் துல்லியமாகத் தெரியும், இருந்தும் அந்த இரண்டு வாரத்தைச் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைத்த அன்று நர்ஸ் என் அட்டையில் "2 வாரம் 5 நாள்" என்று எழுதினார். ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு அந்த எழுத்தைப் பார்த்ததும் கண்ணீர் நிற்கவில்லை.

நெல்லை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் நாத்தனார் இப்போது முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குத் தீட்டு ஆரம்பித்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் விளக்கேற்றியதும் அத்தை காலண்டர் தாளில் வார எண்ணைப் பென்சிலால் எழுதுகிறார். நேற்று எழுதியது 23.