பின்னி மில் போட்டோ யாரிடமாவது இருக்கா?

மக்களே, என் நாவல் ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருது! அச்சாகும் முன்பே ஒரு போட்டியின் குறும்பட்டியலில் இடம்பிடித்தது. பரிசு கிடைக்கலை, ஆனாலும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க.

கதை, சென்னை பெரம்பூரில் இருந்த பின்னி துணி மில் பற்றியது. 1921 வேலைநிறுத்தத்தில் தொடங்கி, 1996-ல் மூடினது வரைக்கும். அட்டைக்குப் படம் வேணும். கிடைப்பதெல்லாம் வெறும் கட்டடம், ஆளே இல்லை. சங்கு ஊதினதும் தூக்குச்சட்டியோடு கேட்டைத் தாண்டி வர்ற கூட்டம்தான் எனக்கு வேணும்.

புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் பக்கம் இருக்கிறவங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க. நானே வந்து ஸ்கேன் பண்ணிக்கிறேன், படம் வீட்டை விட்டு நகராது.

அப்புறம், நூற்புப் பிரிவில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தா சொல்லுங்க. அறுந்த இழையை ஒட்டும் கைவேகத்தை நான் எழுதினது சரியான்னு அவர்தான் பார்த்துச் சொல்லணும்.