பைத்தானின் உள்ளமைந்த விதிவிலக்குகளை ஒரே சுழலில் சோதிக்கும்போது சில வகுப்புகள் மட்டும் தவறுவது ஏன்?

கேள்வி

வணக்கம். நிரல் ஓடும்போது பிழை நேர்ந்தால் எழும் விதிவிலக்குகளைப் பிடித்து, வகுப்பின் பெயர், செய்தி, அளபுருக்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஒரு சிறு நூலகத்தைப் பைத்தான் 3.12-இல் எழுதி வருகிறேன். உள்ளமைந்த விதிவிலக்குகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொள்வதற்காக, பைத்தானோடு வரும் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்ட்டில் ஒரு சோதனை எழுதினேன். பில்ட்இன்ஸ் மாட்யூலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எல்லா விதிவிலக்குகளுக்கும் தாய் வகுப்பான பேஸ்எக்செப்ஷனின் வழிவந்த வகுப்பாக இருந்தால், ‘சோதனைச் செய்தி’ என்ற ஒரே சரத்தைக் கொடுத்து அதில் ஒரு பொருளை உருவாக்குகிறேன். பிறகு அதை எஸ்டிஆர் மூலம் சரமாக்கினால் கொடுத்த சரமே திரும்பக் கிடைக்கிறதா, கொடுத்த அளபுருக்களை வைத்திருக்கும் ஆர்க்ஸ் பண்பில் அந்தச் சரம் மட்டும் இருக்கிறதா, வகுப்பின் பெயரும் மாட்யூலில் கண்ட பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறேன்.

பெரும்பாலானவை தேறிவிடுகின்றன. ஆனால் கீஎர்ரர் மட்டும் செய்தியின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறிகளைச் சேர்த்துத் தருகிறது. யூனிகோட்டிகோட்எர்ரரும் அதன் உடன்பிறப்புகளும், எக்செப்ஷன்குரூப்பும் உருவாகவே மறுத்து டைப்எர்ரரை எழுப்புகின்றன. ஐஓஎர்ரர் என்ற பெயரில் எடுத்த வகுப்பு, தன் பெயர் ஓஎஸ்எர்ரர் என்கிறது. எனக்குப் பெரிதும் புரியாதது வேறொன்று. ஓஎஸ்எர்ரருக்கு 2 என்ற பிழை எண்ணையும் ஒரு செய்தியையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். நான் அழைத்தது ஓஎஸ்எர்ரரை, கைக்கு வந்ததோ ஃபைல்நாட்ஃபவுண்ட்எர்ரர். இவை பைத்தானின் பிழைகளா, அல்லது இப்படித்தான் இருக்க வேண்டுமா?

மறுமொழி 1

நீங்கள் குறிப்பிட்ட எதுவும் பைத்தானின் பிழை அன்று. எல்லாமே தெரிந்து செய்யப்பட்டவை. சரம் ஒன்றைக் கொடுத்தால் அதே சரம் திரும்ப வர வேண்டும் என்பது பேஸ்எக்செப்ஷனின் இயல்புதானே தவிர, அதன் வழிவந்த வகுப்புகள் அனைத்தும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கீஎர்ரர் தனக்கென ஓர் எஸ்டிஆர் முறையை வைத்திருக்கிறது. ஆர்க்ஸில் ஒரே ஒரு மதிப்பு இருந்தால், அந்த மதிப்பின் ரெப்ர் வடிவத்தை, அதாவது நிரலில் எழுதுவது போல மேற்கோள் குறிகளோடு கூடிய வடிவத்தை, தருவதே அதன் வேலை. காரணம் எளிது: ஓர் அகராதியில் வெற்றுச் சரத்தைச் சாவியாகத் தேடி அது கிடைக்காமல் போனால், மேற்கோள் குறிகள் இல்லாவிட்டால் கீஎர்ரர் என்ற பெயர் மட்டும் அச்சாகி, எந்தச் சாவி இல்லை என்பதே தெரியாமல் போய்விடும். அதே போல 1 என்ற எண்ணைத் தேடினோமா, ‘1’ என்ற சரத்தைத் தேடினோமா என்பதும் ரெப்ர் இருந்தால்தான் தெரியும். விளக்கச் செய்தியோடு கீஎர்ரரை எழுப்புகிறவர்களுக்கு இதனால் தேவையற்ற மேற்கோள் குறிகள் வந்து சேரும் என்பதை, பைத்தானின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தானின் மூல நிரலில் உள்ள குறிப்பே ஒப்புக்கொள்கிறது. ஆர்க்ஸில் இரண்டு மதிப்புகள் இருந்தால் கீஎர்ரர் மற்றவற்றைப் போலவே அவற்றின் தொகுப்பான டூப்பிளை அச்சிட்டுவிடும் என்பதையும் உங்கள் சோதனையில் சேர்த்துக்கொள்ளலாம். செய்தியை மூல வடிவில் பதிவு செய்ய வேண்டுமானால், எஸ்டிஆரை விட்டுவிட்டு ஆர்க்ஸின் முதல் உறுப்பை எடுங்கள்.

யூனிகோட்டிகோட்எர்ரரும் யூனிகோட்என்கோட்எர்ரரும் ஐந்து அளபுருக்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன: குறியேற்றத்தின் பெயர், மாற்ற முயன்ற பொருள், தொடக்க இடம், முடிவு இடம், காரணம். டிகோடுக்குப் பொருள் பைட்ஸாகவும் என்கோடுக்குச் சரமாகவும் இருக்க வேண்டும். யூனிகோட்டிரான்ஸ்லேட்எர்ரருக்குக் குறியேற்றத்தின் பெயர் தேவையில்லை என்பதால் நான்கு போதும். 3.11-இல் வந்த எக்செப்ஷன்குரூப் ஒரு செய்தியையும், வெறுமையாக இல்லாத விதிவிலக்குப் பட்டியல் ஒன்றையும் கேட்கும். ஐஓஎர்ரரும் என்விரான்மென்ட்எர்ரரும் 3.3 முதல் ஓஎஸ்எர்ரரின் மாற்றுப் பெயர்கள் மட்டுமே. விண்டோஸில் சோதித்தால் விண்டோஸ்எர்ரர் என்று இன்னொரு பெயரும் எதிர்ப்படும்.

ஓஎஸ்எர்ரர் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. பெப் 3151 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவின்படி 3.3-இல் இந்தக் குடும்பம் சீரமைக்கப்பட்டபோது, பிழை எண்ணைப் பார்த்துப் பொருத்தமான துணை வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓஎஸ்எர்ரரின் ஆக்கியிடமே (பொருளை உருவாக்கும் முறையிடமே) கொடுக்கப்பட்டது. எண் 2 என்றால் ஃபைல்நாட்ஃபவுண்ட்எர்ரர், 13 என்றால் பெர்மிஷன்எர்ரர், 17 என்றால் ஃபைல்எக்சிஸ்ட்ஸ்எர்ரர் என்று அமையும். இந்தத் தேர்வு ஓஎஸ்எர்ரரை நேரடியாக அழைக்கும்போது மட்டுமே நடக்கும். நீங்கள் அதிலிருந்து உருவாக்கிய சொந்த வகுப்புக்கு 2 என்ற எண்ணைக் கொடுத்தாலும் அது உங்கள் வகுப்பாகவே இருக்கும். ஒரே ஒரு சரத்தைக் கொடுத்தபோது ஓஎஸ்எர்ரர் உங்கள் சோதனையில் தேறியதற்குக் காரணம், அப்போது பிழை எண்ணுக்கான எர்னோ பண்பு நன் (மதிப்பு எதுவும் இல்லை) ஆகவே இருந்துவிடுகிறது, தேர்வுக்கு வேலையே இல்லை. மூன்றாவது அளபுருவாகக் கோப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்: ஃபைல்நேம் பண்பில் அது இருக்கும், ஆனால் ஆர்க்ஸில் முதல் இரண்டு மட்டுமே இருக்கும். ஆர்க்ஸை மட்டும் பதிவு செய்யும் நூலகம் கோப்பின் பெயரைச் சத்தமில்லாமல் இழந்துவிடும் என்பதால், உங்களுக்கு மேற்கோள் குறியைவிட இதுதான் முக்கியம். சோதனையில் எண்களை நேரடியாக எழுதாமல் எர்னோ மாட்யூலின் பெயர்களைப் பயன்படுத்துங்கள். 2, 13 போன்றவை எங்கும் ஒன்றாக இருந்தாலும், ஈஅகெய்ன் என்ற பிழையின் எண் லினக்ஸில் 11, மேக்கில் 35.

சுழலுக்குள், ஒவ்வொரு சுற்றையும் தனிச் சோதனையாக எண்ணும் சப்டெஸ்ட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் முதல் வகுப்பு தவறிய உடனேயே சோதனை நின்றுவிடும், மற்றவை தெரியாது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு, செய்தியை வைத்துச் சோதிப்பது பற்றி ஒன்று. விதிவிலக்குகளின் செய்திகள் பைத்தானின் நிரலாக்க இடைமுகத்தில் அடங்கா, முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. நீங்கள் பயன்படுத்தும் 3.12-இலேயே, முழு எண்ணைச் சுழியால் வகுத்தால் வரும் செய்தியும், தசம எண்ணை வகுத்தால் வரும் செய்தியும் வெவ்வேறு. வகுப்பு இரண்டிலும் ஜீரோடிவிஷன்எர்ரர்தான். ஆகவே நீங்களே எழுதிய செய்தியை எவ்வளவு வேண்டுமானாலும் சோதியுங்கள், மொழி எழுதிய செய்தியைத் தொடாதீர்கள். வகுப்பையும் பண்புகளையும் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்படியும் செய்தியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், யூனிட்டெஸ்ட்டின் அசெர்ட்ரெய்சஸ்ரெஜெக்ஸும், பைடெஸ்ட் என்ற மற்றொரு சோதனைக் கருவியின் ரெய்சஸில் உள்ள மேட்ச்சும் கொடுத்த சரத்தை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வடிவ விதியாகவே) படிக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. ஓஎஸ்எர்ரரின் செய்தி சதுர அடைப்புக்குள் பிழை எண்ணோடு தொடங்கும். அதை அப்படியே ஒட்டினால், சதுர அடைப்பு ‘உள்ளிருக்கும் எழுத்துகளில் ஏதேனும் ஒன்று’ என்று பொருள்பட்டு, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சரங்கள் பொருந்தவில்லை என்று சோதனை அடம்பிடிக்கும். ஆர்ஈ மாட்யூலின் எஸ்கேப் வழியாக அனுப்பினால் தீர்ந்தது.

எக்செப்ஷன் என்ற பொது வகுப்பைக் கொடுத்து அசெர்ட்ரெய்சஸ் (விதிவிலக்கு எழுகிறதா என்று பார்க்கும் சோதனை) எழுதுவதையும் தவிருங்கள். அசெர்ஷன்எர்ரரும் எக்செப்ஷனின் வழிவந்ததே. ஆகவே அந்த வித் தொகுதிக்குள் நீங்கள் எழுதிய ஒப்பீடு தவறினால், அந்தத் தவறையே எதிர்பார்த்த விதிவிலக்கு என்று எண்ணிச் சோதனை பச்சையாகிவிடும். விதிவிலக்கு எழுந்த வரிக்குப் பின் அதே தொகுதியில் இருக்கும் வரிகள் ஓடவே ஓடா என்பதால், தொகுதிக்குள் ஒரே ஒரு வரி இருப்பதே நல்லது. ஒப்பீடுகளைத் தொகுதிக்கு வெளியே, சூழல் மேலாளரின் எக்செப்ஷன் பண்பை வைத்துச் செய்யுங்கள். அந்தப் பொருளின் ட்ரேஸ்பேக்கை (விதிவிலக்கு எந்த வரிகள் வழியாக எழுந்தது என்ற பதிவை) யூனிட்டெஸ்ட் நீக்கிவிட்டே தரும். ட்ரேஸ்பேக் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டுமானால் வழக்கமான ட்ரை, எக்செப்ட் கொண்டு பிடிக்க வேண்டும். அப்போதும் எக்செப்ட் வரியில் சூட்டிய மாறி அந்தத் தொகுதி முடிந்ததும் அழிக்கப்படும் என்பதால், வேறொரு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய அளபுருக்களை ஓர் அகராதியில் வைத்து, அதில் இல்லாதவற்றுக்கு மட்டும் ஒற்றைச் சரத்தைக் கொடுக்கும்படி மாற்றினேன்; மாற்றுப் பெயர்களுக்கு, பெயரை ஒப்பிடாமல் வகுப்புப் பொருள்களையே ஒப்பிடுகிறேன். ஃபைல்நேம் பண்பையும் தனியாகப் பதிவு செய்கிறேன். இப்போது அனைத்தும் தேறுகின்றன.

தொடர்புடைய இன்னொரு கேள்வி. வேறொரு செயல்முறையில் எழும் விதிவிலக்கு, பொருள்களைப் பைட்டுகளாக்கி அனுப்பும் பிக்கிள் வழியாகவே வந்து சேரும் என்பதால், ஒவ்வொன்றையும் பிக்கிள் செய்து மீட்டெடுக்கும் சோதனையையும் சேர்த்தேன். ஓஎஸ்எர்ரர் கோப்பின் பெயரோடு முழுதாகத் திரும்பி வருகிறது. கோப்பின் பெயர், வரி எண் என்று இரண்டு அளபுருக்களை வாங்கி, அவற்றைச் சேர்த்து ஒரே செய்தியாகத் தாய் வகுப்புக்கு அனுப்பும் எங்கள் சொந்த வகுப்பு மட்டும், பிக்கிள் செய்யும்போது ஒன்றும் சொல்லாமல், மீட்டெடுக்கும்போது ஓர் அளபுரு குறைகிறது என்று டைப்எர்ரர் தருகிறது.

மறுமொழி 1

விதிவிலக்கைப் பிக்கிள் செய்யும்போது, அதன் வகுப்பும் ஆர்க்ஸும், பின்னர் சேர்த்த பண்புகள் இருந்தால் அவையும் சேமிக்கப்படுகின்றன. மீட்டெடுக்கும்போது அந்த ஆர்க்ஸை அப்படியே உங்கள் ஆக்கிக்குக் கொடுத்து வகுப்பு மீண்டும் அழைக்கப்படுகிறது. உங்கள் ஆர்க்ஸில் இருப்பது தொகுத்த செய்தி ஒன்று மட்டுமே, ஆக்கி கேட்பதோ இரண்டு. தாய் வகுப்பின் ஆக்கிக்குக் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் தனித்தனியாகவே அனுப்பிவிட்டு, செய்தியைத் தொகுக்கும் வேலையை உங்கள் வகுப்பின் எஸ்டிஆர் முறைக்கு மாற்றுங்கள். எதைச் சேமிப்பது என்று பிக்கிளுக்குச் சொல்லும் ரெடியூஸ் முறையை நீங்களே எழுதியும் சரிசெய்யலாம்; ஆனால் ஆர்க்ஸும் ஆக்கியும் ஒத்துப்போகும்படி வைத்தால் அதற்குத் தேவையே இருக்காது, உங்கள் பதிவிலும் இரண்டு மதிப்புகளும் தனித்தனியாகக் கிடைக்கும்.

ஓஎஸ்எர்ரர் முழுதாகத் திரும்பியதற்குக் காரணம், ஆர்க்ஸில் விடுபட்ட கோப்பின் பெயரை மீண்டும் சேர்த்து அனுப்பும் ரெடியூஸ் முறை அதற்கென்றே தனியாக எழுதப்பட்டிருப்பதுதான்.

மீட்டெடுத்த பொருளையும் பழைய பொருளையும் நேரடியாகச் சமமா என்று ஒப்பிட்டால் எப்போதும் இல்லை என்றே வரும். விதிவிலக்குகள் மதிப்பால் ஒப்பிடப்படுவதில்லை. வகுப்பையும் ஆர்க்ஸையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். 3.11 முதல் உள்ள ஆட்நோட் மூலம் சேர்த்த குறிப்புகள் பிக்கிளில் தங்கும்; ட்ரேஸ்பேக்கும், ‘ரெய்ஸ் ஃப்ரம்’ வழியாக இணைத்த மூல விதிவிலக்கும் தங்கா. அவை வேண்டுமானால், அனுப்பும் பக்கத்திலேயே ட்ரேஸ்பேக் மாட்யூலைக் கொண்டு உரையாக மாற்றி, ஒரு பண்பில் வைத்து அனுப்புங்கள்.

கேட்டவர்

ஆக்கியை மாற்றியதும் மீட்டெடுக்கும் சோதனை தேறிவிட்டது. உரையாக மாற்றிய ட்ரேஸ்பேக்கும் மறுபக்கம் சரியாக வந்து சேர்கிறது. இழையைத் தீர்ந்ததாகக் குறித்துவிடுகிறேன்.