மறுமொழி: ‘நடமாடும் வீடு’ சரிவருமா?

> மொபைல் ஹோம், மேனுஃபாக்சர்ட் ஹோம் இரண்டுக்கும் தமிழில் ‘நடமாடும் வீடு’; மனையில் இன்னது கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்கும் ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட்டுக்குக் ‘கட்டுப்பாட்டு ஒப்பந்தம்’. சரிதானே?

வணக்கம் ஐயா,

இரண்டுமே இடிக்கின்றன. அமெரிக்காவில் இந்த வீடுகள் ஆலையிலிருந்து லாரிக்குப் பின்னால் வரும். மனையில் இறக்கிவிட்டால் அப்புறம் பெரும்பாலும் நகர்வதில்லை. பலர் சக்கரத்தையும் அச்சையும் கழற்றி, கான்கிரீட் அடித்தளத்தில் நிறுத்திவிடுவார்கள். அடியிலுள்ள எஃகுச் சட்டகம் மட்டும் நிரந்தரம். 1976 ஜூன் 15 முதல் கூட்டரசின் வீட்டுவசதித் துறை விதிப்படி கட்டப்படுபவைதான் மேனுஃபாக்சர்ட் ஹோம்; வெளிச்சுவரில் சிறிய சிவப்புத் தகடு பதித்திருக்கும். அதற்கு முந்தையவையே மொபைல் ஹோம்.

வழக்கே இங்கேதான் முளைக்கிறது. மனைப்பிரிவின் பழைய பத்திரத்தில் ‘மொபைல் ஹோம் கூடாது’ என்றிருக்கும். வாங்கியவர் தகடு பதித்த வீட்டை இறக்கி, “இது அதுவல்ல” என்பார். அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போவார்கள். சக்கரம் போனாலும் பிறவி மாறாது என்று தடுத்த தீர்ப்புகள் உண்டு. வாசகம் தெளிவில்லாவிட்டால் நில உரிமையாளர் பக்கமே சாய வேண்டும் என்றவையும் உண்டு. இரண்டையும் ‘நடமாடும் வீடு’ என்றால் இந்த வழக்கைத் தமிழில் எழுதவே முடியாது. பழையதற்கு ‘நகர்வீடு’, புதியதற்கு ‘ஆலைவீடு’ என்கிறேன்.

அடுத்து, ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட். ‘ஒப்பந்தம்’ என்றால் கையெழுத்திட்ட இருவரோடு முடிந்துவிடும். இதுவோ நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்து வாங்குபவரையும் கட்டும். லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டம் பற்றிய 1848 தீர்ப்பு அதைத்தான் சொன்னது: தடை இருப்பது தெரிந்தே வாங்கியவர் அதை மீற முடியாது. நம் 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவிலும் இதன் சாயல் உண்டு. ‘வில்லங்கம்’ பக்கத்தில் வருகிறது, ஆனால் அடமானத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். ‘மனைத்தடை’ எப்படி?

---

> ‘மனைத்தடை’ எப்படி?

வீட்டில் படித்துக் காட்டினேன், மனைவி போட்ட தடையா என்றார்கள்! அது போகட்டும். எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் நகராட்சியின் மண்டல விதியும் மனைக்குத் தடைதானே? ஆலைவீட்டை ஒதுக்கக்கூடாது என்று சில மாநிலங்கள் நகராட்சிகளைக் கட்டுப்படுத்தினாலும், தனியார் பத்திரத்தில் எழுதியது அப்படியே நிற்கும். இரண்டும் குழம்பக் கூடாது. ‘பத்திரத்தடை’ என்றால் எங்கிருந்து வந்ததென்று சொல்லிலேயே தெரியும். ஆலைவீட்டுக்கு என் ஓட்டு உண்டு. ‘நகர்வீடு’ மட்டும் நகர்ப்புற வீடு போலக் கேட்கிறது, வேறு பாருங்கள்.