ஆர்க்கிட் குட்டி மஞ்சளாகிறது, அவசரம்

மாடிவீட்டுப்பூ:
ஆர்க்கிட்டில் 4 குட்டி வந்திருந்தது. போன வாரம் 2 குட்டிகளைப் பிரித்து நட்டேன், இரண்டுமே மஞ்சளாகின்றன. மீதி இரண்டையும் இப்போதே எடுத்துவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், நாளை ஊருக்குக் கிளம்புகிறேன்.

தொட்டிக்காரன்:
எந்த ஆர்க்கிட்? டென்ட்ரோபியமா, ஃபலனாப்சிஸா? குட்டி வந்தது தண்டிலா, பூங்காம்பிலா? எதில் நட்டீர்கள்? படம் போடுங்கள்.

செடிப்பைத்தியம்:
போர் தண்ணீர்தான் ஊற்றுகிறீர்கள், சரியா? உப்புதான் காரணம், வேறு எதுவும் இல்லை. மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் தேறியது.

வேர்முனி:
மாதம் இரண்டு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள், பழைய பதிவுகளைப் படிப்பவர் யாருமில்லை. இந்தக் குட்டிக்கு ஹவாய் மொழியில் கெய்கி என்று பெயர், குழந்தை என்று பொருள். பால்குடி மறக்காத குழந்தையைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. 2, 3 இலையும் 2 அங்குல வேரும் வந்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். வேர் எவ்வளவு இருந்தது என்று சொல்லவே இல்லையே?

மாடிவீட்டுப்பூ:
ஊதாப் பூ, நெட்டையான தண்டு. குட்டி தண்டின் மேல் கணுவில் வந்தது. வேர் அரை அங்குலம் இருக்கும். ரோஜாவுக்குப் போடும் கலவையில்தான் நட்டேன், செம்மண்ணும் மண்புழு உரமும்.

தொட்டிக்காரன்:
அப்படியானால் டென்ட்ரோபியமாகத்தான் இருக்கும். மண்ணிலா நட்டீர்கள், அக்கா! அதன் வேருக்குக் காற்று வேண்டும், மண்ணில் மூச்சு முட்டிப்போகும். இன்றே எடுத்துக் கழுவி, அழுகிய வேரை நறுக்கிவிட்டு, சின்னத் தொட்டியில் கரித்துண்டு போட்டு வையுங்கள். நிழலில் இருக்கட்டும், புது வேர் வரும்வரை உரம் வேண்டாம்.

மாங்காய்மடி:
இதெல்லாம் எதற்கு? மாமரத்தில் தேங்காய் மட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், தானே பிடித்துக்கொள்ளும்.

கொல்லைப்புறம்:
கட்டாதீர்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சிவிடும். எங்கள் ஊரில் ஒரு மாமரமே பட்டுப்போனது.

மாங்காய்மடி:
அது புல்லுருவி. ஆர்க்கிட் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். தண்ணீரும் சத்தும் மழையிலிருந்தும் பட்டையில் தேங்கும் குப்பையிலிருந்தும்தான்.

கொல்லைப்புறம்:
நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வேர்முனி:
புல்லுருவியின் வேர் மரத்துக்குள் இறங்கும், ஆர்க்கிட் வேர் பட்டையோடு நின்றுவிடும். ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொட்டிக்காரன்:
சண்டை இருக்கட்டும். அக்கா, மீதி 2 குட்டிகளைத் தொடாதீர்கள், தாயிடமே இருக்கட்டும். வேர் நீண்ட பிறகு, பிளேடை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, தாய்த்தண்டில் கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் மட்டும் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம். வேரில் பட்டால் காய்ந்துவிடும். இன்னொன்று, தாய்ச்செடி கடைசியாக எப்போது பூத்தது?

மாடிவீட்டுப்பூ:
வாங்கும்போது பூ இருந்தது. அப்புறம் 2 வருடமாக இல்லை. அத்தை தினமும் காலையில் கழனித்தண்ணீர் ஊற்றுவார், நல்ல சத்து என்று.

தொட்டிக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தினமும் ஈரம் தேங்கினால் வேர் அழுகும். வேர் கெட்ட செடி பல சமயம் பூவை விட்டுக் குட்டியாகப் போடும். நிழல் அதிகமானாலும் அப்படித்தான். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

செடிப்பைத்தியம்:
போர் தண்ணீரா என்று கேட்டேனே, யாரும் பதில் சொல்லவில்லை.

மாடிவீட்டுப்பூ:
மன்னிக்கவும், 3 வாரம் ஊரில் இருந்துவிட்டேன். மண்ணில் நட்டதில் ஒன்று போய்விட்டது, கரிக்கு மாற்றிய மற்றதில் பச்சை முனையோடு ஒரு வேர் தெரிகிறது. தாய்ச்செடியைக் கவிழ்த்தேன், பாதி வேர் கூழ். நறுக்கிவிட்டுப் புதுக் கரியும் ஓட்டுத்துண்டும் போட்டிருக்கிறேன். அத்தைக்குத்தான் வருத்தம். கழனித்தண்ணீர் இனி கறிவேப்பிலைக்கு.