டிரிஃப்ட்: 'சுருதி விலகல்' வேண்டாம், 'சுருதி நழுவல்'

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மினிமூக் மாதிரியான பழைய ஒற்றைச்சுர சிந்தசைசர்களின் (ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் மின்னணு இசைக்கருவிகளின்) பராமரிப்புக் குறிப்பில் 'டிரிஃப்ட்' வருகிற இடத்திலெல்லாம் 'சுருதி விலகல்' என்று போட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆகவேண்டும். விசைப்பலகையின் எல்லாக் கட்டையும் ஒரே அளவு தள்ளி ஒலித்தால் முகப்பிலுள்ள ட்யூன் குமிழ் போதும். கட்டைகள் தரும் மின்னழுத்தம் ஸ்தாயிக்கு 1 வோல்ட், அதாவது அரைச்சுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட் என்ற கணக்குப் பிசகினால் உள்ளேயுள்ள ஸ்கேல் டிரிம்மர் என்ற சின்னத் திருகு. சேர்த்துவைத்த சுருதி நேரம் போகப்போகத் தானாக மாறினால் அதுதான் டிரிஃப்ட். அப்போது டிரிம்மரைத் தொடவே கூடாது. மூன்றும் 'விலகல்' என்றால், படிக்கிறவர் டிரிம்மரைத் திருகி, சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்.

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா, மேடைக்காரர்கள் 'சுருதி இறங்கிடுச்சு' என்றுதானே சொல்கிறார்கள்? 'சுருதி இறக்கம்' என்றே வைக்கலாமே. இல்லாவிட்டால் 'சுருதி நகர்வு'.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தம்பி, 'இறக்கம்' உண்மைக்கே பொருந்தாது. ஒலியை உண்டாக்கும் அலையியற்றிக்குள் வோல்ட்டை அதிர்வெண்ணாக மாற்றும் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி செய்கிறது. அதன் அடிவாயில் (பேஸ்) ஒரு ஸ்தாயிக்குச் சுமார் 18 மில்லிவோல்ட். இந்த அளவு வெப்பநிலையோடு மாறும்: ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம். ஈடுகட்டாமல் விட்டால், மையச் சுரத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி ஒரே டிகிரியில் 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) பிழை வரும். சூடு ஏறினால் மையத்துக்கு மேலுள்ள கட்டைகள் இறங்கும், கீழுள்ளவை ஏறும். ஒரே கோளாறு இரண்டு பக்கமும் போகிறது. இதற்காகத்தான் டிகிரிக்கு அதே 0.33 சதவீதம் தடை கூடும் டெம்ப்கோ ரெசிஸ்டரை (+3300 பிபிஎம்) அந்த ஜோடியின் உடம்போடு ஒட்டி வைக்கிறார்கள். பசை காய்ந்து ரெசிஸ்டர் விலகி நின்றால் அது வேறு சூட்டில் இருக்கும், டிரிஃப்ட் திரும்பவும் வரும். அதை மாற்றும்போது சாதாரண 1 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

'நகர்வு' தவறில்லை. ஆனால் குமிழைத் திருப்பினாலும் சுருதி நகரும். யாரும் தொடாமல் தானே போவதைச் சொல்ல 'நழுவல்' சரியாக உட்காருகிறது. மேலே போனாலும் கீழே போனாலும் பொருந்தும். சுருதி நழுவல், சுருதி நழுவுகிறது, நழுவாச் சுருதி: வினையாகவும் அடையாகவும் வளைகிற சொல்.

சித்தூரிலிருந்து:

அண்ணா, 'நழுவல்' எனக்குச் சம்மதம். ஆனால் நாலாவதாக ஒன்றை விட்டுவிட்டீர்கள். நம்ம பக்கம் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் அதுதான் முதலில் வரும். விரலை எடுத்தபின் கடைசிக் கட்டையின் வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டர் பிடித்து வைத்திருக்கும். ஈரத்தில், பலகையில் படிந்த பழைய சால்டரிங் ஃபிளக்ஸ் வழியே அந்த மின்னூட்டம் கசியும். கட்டையை அழுத்தியிருக்கும்வரை சுருதி கச்சிதம். விட்டதும், ஒலி தேய்கிற அந்த இரண்டு விநாடியில் சுரம் வழிந்து போகும். ஆங்கிலத்தில் இது 'டிரூப்'. இதற்குச் 'சுரச் சரிவு' என்று தனிச்சொல் வேண்டும், நழுவலோடு கலக்கக் கூடாது. டெம்ப்கோவை மாற்றி இது தீராது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்து அந்தக் கெப்பாசிட்டரின் கால்களைச் சுற்றித் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, பிறகு சோதிக்க வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் கெப்பாசிட்டரையோ அதையொட்டிய ஃபெட் டிரான்சிஸ்டரையோ சந்தேகிக்கலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

'சுரச் சரிவு' அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். ஸ்கேல் பிழைக்கு 'ஸ்தாயி அளவுப் பிழை'. ஆக்டேவை 'எண்மம்' என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்குப் புரியாது. ஸ்தாயி எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்.

பொள்ளாச்சியிலிருந்து:

சரி ஐயா. கருவி முன்னால் இருக்கும்போது நழுவலா அளவுப் பிழையா என்று எப்படிப் பிரிப்பது? அதையும் அந்தக் குறிப்பிலேயே சேர்த்தால் சொல் நிலைக்கும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இப்படிச் சேர்க்கிறேன். போர்ட்டமெண்டோவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது) மாடுலேஷனும் (சுருதியை அசைப்பது) பூச்சியம், ஒரே ஒரு அலையியற்றி மட்டும். மின்விசிறி நிறுத்தம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பின்பக்கத் துளைகளில் அடிக்காதபடி ஜன்னலும் சாத்தல். கருவியைப் போட்டவுடன், 10 நிமிடத்தில், 30 நிமிடத்தில் ஒரே கட்டையின் அதிர்வெண்ணைக் குறிக்க வேண்டும். முப்பது நிமிடத்துக்குப் பிறகும் எண் ஓடிக்கொண்டிருந்தால் நழுவல். எண் நின்றுவிட்டது, ஆனால் 110 ஹெர்ட்ஸுக்கு இரண்டு ஸ்தாயி மேலே 440-க்குப் பதில் 437 காட்டுகிறது என்றால், 12 சென்ட் குறைவு, அளவுப் பிழை. அப்போதுதான் டிரிம்மர். பிளாஸ்டிக் முனைத் திருப்புளியால் கொஞ்சம் திருப்பி, கீழ்க்கட்டையை ட்யூன் குமிழால் மறுபடி 110-க்குக் கொண்டுவந்து, மேல்கட்டையைப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும் என்பதால் இரண்டும் ஒத்துவரும்வரை மாறிமாறிச் செய்ய வேண்டும். டிரான்சிஸ்டர் ஜோடியில் விரல் படக்கூடாது; விரல் சூடே சுருதியை நழுவவைக்கும். உச்ச ஸ்தாயி மட்டும் குறைந்தால் அது ரம்பப்பல் அலை பூச்சியத்துக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தால் வருவது. அதற்கென்று தனி டிரிம்மர் இருந்தால் கடைசியாக அதைத் தொடலாம். ஸ்கேல் டிரிம்மரால் அதை ஈடுகட்டப் போனால் நடு ஸ்தாயி கெடும்.