கானி வில்லிஸின் நாய் நாவல்: படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

‘டு சே நத்திங் ஆஃப் தி டாக்’ படித்தவர்கள் யாராவது இருந்தால், அந்தப் புத்தகம் உங்களுக்குள் எப்படி வந்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் முப்பது பக்கத்தோடு மூடிவிட்டேன். தொடக்கமே 1940-இல், குண்டுவீச்சில் எரிந்துபோன கோவென்ட்ரி தேவாலயத்தின் இடிபாடுகளில். கதை சொல்லும் நெட் ஹென்றி எதையோ தேடுகிறான். பேச்சு ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. என் ஆங்கிலம்தான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது முறைதான் புரிந்தது, குழப்பம் அவனுடையது. 2057-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அடிக்கடி பழைய காலத்துக்குப் போய்வந்து அவனுக்கு ஒருவித அயர்ச்சி பிடித்திருக்கிறது. சொல்வது காதில் சரியாக விழாது, கண்டதற்கெல்லாம் மனம் உருகிவிடும். ஓய்வுக்காக அவனை 1888-க்கு அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வேலையும் கொடுக்கிறார்கள். அது என்ன வேலை என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை!

அதற்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. சிரில் என்ற புல்டாக்கை வீட்டுக்குள் விடமாட்டார்கள், தொழுவத்தில்தான் படுக்கவேண்டும். அதற்குப் படியேறவும் பயம். யாருக்கும் தெரியாமல் நடுராத்திரியில் நெட் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறும் இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் மனைவி எழுந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு முன்பே முடித்தவள் அவள்தான்.

———

நான் இதற்கு வந்தது பின்வாசல் வழியாக. ஜெரோம் கே. ஜெரோமின் ‘த்ரீ மென் இன் எ போட்’ (1889) எனக்குக் கல்லூரி நாளிலிருந்து உயிர். அதன் துணைத்தலைப்புதான் இந்த நாவலின் தலைப்பு. தமிழில் சொன்னால், “நாயைக் கேட்கவே வேண்டாம்”. அந்தப் படகுக் கதை இருப்பதை ராபர்ட் ஹைன்லைனின் ஒரு நாவல் வழியாகத்தான் கானி வில்லிஸ் தெரிந்துகொண்டாராம். அதற்கு நன்றியாக இதை ஹைன்லைனுக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோதே எனக்கு இவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

எழுதியவர் அமெரிக்கர், எழுதியது 1990-களின் கடைசியில். ஆனாலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் உள்ளே நடக்கப்போவதைத் துண்டுதுண்டாக அடுக்கியிருப்பார், அந்தக் காலத்து வழக்கப்படி. நெட்டோடு படகில் வரும் டெரன்ஸ் வாயைத் திறந்தால் டென்னிசன் கவிதை. டாஸி என்ற பெண் தன் பூனையிடம் கொஞ்சும் மழலை. பட்லரின் அளந்த மரியாதை. விக்டோரியா ராணி காலத்து எழுத்து நடையைப் போலி செய்து கேலி பண்ணுவது சுலபம். இவர் அந்த நடைக்குள் குடியிருந்து எழுதுகிறார், அதனால்தான் அந்த மனிதர்கள் பொம்மைகளாகத் தெரியவில்லை. தேம்ஸ் நதியில் நெட்டின் படகுக்கு எதிரே மூன்று ஆட்களும் ஒரு நாயுமாக இன்னொரு படகு வரும் இடம் இருக்கிறதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஜெரோமும் அவர் நண்பர்களும்தான். அப்போது அவர்களுடைய புத்தகம் இன்னும் வரவில்லை, அடுத்த வருஷம்தான் வரப்போகிறது!

———

ஒரு மாற்றுக் கருத்து. எனக்கும் பிடித்த புத்தகம்தான், ஆனால் கிட்டத்தட்ட 500 பக்கம் வேண்டுமா? ஆவிகளை அழைக்கும் கூட்டங்கள் வரும் பகுதியில் நான் பக்கங்களைத் தள்ளினேன். 1999-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கிய புத்தகம் என்பதால்தான் விடாமல் தொடர்ந்தேன். கடைசி நூறு பக்கம் அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுத்தது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

———

என் அனுபவம் வேறு மாதிரி. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தினமும் இரவு போனில் நான் படித்த அளவுக்குக் கதை சொல்வேன். அவர் உடனே பிடித்துக்கொண்டது பூனையை. 2057-இல் உலகத்தில் பூனையே இல்லை, ஒரு நோயில் எல்லாம் செத்துப்போயின. அதனால்தான் 1888-இல் தண்ணீரில் மூழ்க இருந்த ஒரு பூனையைப் பார்த்ததும் வெரிட்டி என்ற பெண்ணுக்கு விட்டுவர மனம் வரவில்லை, எதிர்காலத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். அதில்தான் வரலாறே புரண்டுவிடுமோ என்ற பயம் கிளம்புகிறது.

பூனையின் பெயர் பிரின்சஸ் அர்ஜுமந்த். நான் அதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா நிறுத்தி, “அது மும்தாஜோட பேராச்சே?” என்றார். ஆமாம், ஷாஜகானின் மும்தாஜ் மகாலுடைய இயற்பெயர் அர்ஜுமந்த் பானு. எனக்கு உறைக்கவே இல்லை. அதற்கப்புறம் நான்கு நாளும், போனை எடுத்ததும் முதல் கேள்வி, “பூனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?”

திணறியது ஒரே இடத்தில்தான். ‘பிஷப்ஸ் பர்ட் ஸ்டம்ப்’ என்று கோவென்ட்ரி தேவாலயத்தில் இருந்த ஒரு பூச்சாடி, கதை முழுவதும் எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள். “பிஷப்பின் பறவைக் கட்டை” என்றால் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்ன வயதில் எங்கள் மாமா வீட்டுக் கூடத்தில் யாருக்கும் பிடிக்காமலும் யாரும் எடுத்துப் போடாமலும் இருந்த பெரிய பூச்சாடியை நினைவுபடுத்தினேன். “அதுவா!” என்றார். அந்த அசிங்கமான சாடியைப் பார்த்து டாஸி உருகுவதுதான் அவருக்குக் கடைசிவரை பிடித்த இடம்.

———

சாடி பற்றி எழுதியவருக்காக இது. நான் வேலை விஷயமாக இங்கிலாந்தில் இருந்தபோது, இந்த நாவலுக்காகவே ஒரு சனிக்கிழமை கோவென்ட்ரிக்குப் போனேன். லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

1940 நவம்பர் 14 இரவு எரிந்த கோயிலை அப்படியே விட்டிருக்கிறார்கள். கூரை இல்லை, வெளிச்சுவர்களும் கோபுரமும் நிற்கின்றன. அந்த ஒரே இரவில் ஊரில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கூரையில் விழுந்த தீக்குண்டுகளைக் கோயிலின் ஆட்கள் மணலையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அணைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் தீர்ந்ததும், கையில் கிடைத்த பொருட்களை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். எரிந்த உத்தரங்களைக் கட்டிச் செய்த சிலுவையின் மாதிரி ஒன்று பலிபீடத்தில் நிற்கிறது, பின்சுவரில் “தந்தையே மன்னியும்” என்ற பொருளில் இரண்டு சொற்கள். பக்கத்திலேயே 1962-இல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய தேவாலயம்.

நாவலில் ஷ்ராப்னெல் சீமாட்டி அந்தப் பழைய கோயிலை ஒரு துரும்பு பிசகாமல் திரும்பக் கட்டவேண்டும் என்று எல்லாரையும் விரட்டுவதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்றபோது அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது, ஓர் அப்பா தன் பெண்ணுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பூச்சாடி வெறும் கற்பனை என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.