கலோட்டஸ் எல்லியோட்டியா, மோனிலேசாரஸ் எல்லியோட்டியா?

கேள்வி: சோலைநேசன்
பள்ளி இயற்கை மன்றத்துக்காக ஆனைமலைப் பகுதி ஊர்வனவற்றின் படத்தொகுப்பு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். மழைக்காட்டு மரங்களில் வாழும் சிறிய ஓணான் ஒன்றை, என்னிடமுள்ள பழைய கையேடு கலோட்டஸ் எல்லியோட்டி என்கிறது. அண்மைக்காலப் பட்டியல்களோ மோனிலேசாரஸ் எல்லியோட்டி என்கின்றன. இரண்டும் ஒரே உயிரினமா? புதிய பெயரை அடுத்து வரும் "குந்தர், 1864" மட்டும் அடைப்புக்குறிக்குள் இருப்பது ஏன்?

மறுமொழி: செதிலியல்
ஒரே உயிரினம்தான், ஐயா. மாறியது பேரினம் மட்டுமே. ஆல்பர்ட் குந்தர் 1864இல் இதை விவரித்தபோது கலோட்டஸ் பேரினத்தில் வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓணான்களை மரபணு அடிப்படையிலும் உடலமைப்பு அடிப்படையிலும் மறுஆய்வு செய்து 2018இல் வெளியான ஆய்வு, எல்லியோட்டியும் ரூக்ஸியும் ஏனைய கலோட்டஸ் இனங்களிலிருந்து விலகிய தனிக்கிளை என்று கண்டு, அவற்றுக்காக மோனிலேசாரஸ் என்னும் பேரினத்தை உருவாக்கியது. மேகமலையில் காணப்படும் அகாந்தோசெபாலஸ் உள்ளிட்ட இரு புதிய இனங்களும் அதில் சேர்க்கப்பட்டன. கலோட்டஸில் இருந்த அவுரான்டோலேபியம் என்ற இனத்துக்கு மைக்ரோஆரிஸ் என்ற இன்னொரு பேரினமும் அதே ஆய்வில் அமைந்தது.

அடைப்புக்குறி அலங்காரம் அன்று. ஓர் இனம் முதலில் விவரிக்கப்பட்ட பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டால், முதலில் விவரித்தவரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. வீட்டு வேலியில் தலையாட்டும் சாதாரண ஓணானாகிய கலோட்டஸ் வெர்சிகலரைப் பாருங்கள்: டௌடின் 1802இல் அதை அகாமா என்ற பேரினத்தில் வைத்ததால், அவர் பெயரும் இன்று அடைப்புக்குறிக்குள்தான் வருகிறது.

மறுமொழி: மலைக்காடு
பெயரைவிட அடையாளத்தை உறுதிசெய்வதே முதல் வேலை என்பது என் கருத்து. எல்லியோட்டிக்குத் தோளுக்கு முன்னால் கருமையான தோல்மடிப்பு உண்டு. உடலின் பக்கவாட்டுச் செதில்கள் பின்னோக்கிக் கீழ்ப்புறமாகச் சாய்ந்திருக்கும். வெர்சிகலருக்கு அந்த மடிப்பு கிடையாது, செதில்களும் பின்னோக்கி மேற்புறமாக நிற்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓணான்கள் சூழலுக்கும் மனநிலைக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொள்ளும்.

சோலைநேசன்
நன்றி. குடும்பம் எது என்பதிலும் ஒரு ஐயம். எங்கள் பழைய குறிப்பேட்டில் இகுவானிடே என்று இருக்கிறது.

மறுமொழி: செதிலியல்
அதைத் திருத்திவிடுங்கள். நம் ஓணான்கள் அகாமிடே குடும்பத்தையும், பறக்கும் ஓணானும் இடம்பெறும் டிரகோனினே துணைக்குடும்பத்தையும் சேர்ந்தவை. இகுவானாக்களின் பற்கள் தாடையின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். அகாமிடேயின் பெரும்பாலான பற்களோ தாடை விளிம்பின் மேலேயே எலும்போடு இணைந்திருக்கும். வரிசை இரண்டுக்கும் ஸ்குவமேட்டாதான். படத்தின் கீழே புதிய பெயரை எழுதி, பழைய கையேட்டைப் புரட்டும் மாணவர்களுக்காகக் கலோட்டஸ் எல்லியோட்டி என்பதையும் "முந்தைய பெயர்" என்று சேர்த்துவிட்டால் போதும்.